திருவந்திபுரத்துக்கு ஒருமுறை போய்வா

லண்டன்
13 ஆகஸ்ட் 2017

என் அன்புத் தோழிக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன்னுடைய இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன. திட்டுவதை எல்லாம் சேர்த்துவைத்து அடுத்த கடிதத்தில் திட்டிக்கொள், இப்போது இதைப் படி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம்.

மாரின்ஸ்கி பாலே குழு ரஷ்யாவிலிருந்து வந்து, ஏறக்குறைய மூன்று வாரம் கோவன்ட் கார்டனில் ராயல் ஆப்பரா ஹவுஸில் ஆடியது. இரண்டு நாள் போனேன். முதலில் ஸ்வான் லேக், அன்னமாக மாற்றப்பட்ட பெண்ணின் கதை. அன்னங்கள் அழகுதான். ஆனால் இவர்கள் ஆடும் வடிவத்தில் இளவரசன் மந்திரவாதியின் இறக்கையைப் பிய்த்தெறிந்து ஜெயித்துவிடுகிறான். அந்த இசைக்கு அப்படி ஒரு சுபமான முடிவு பொருந்தவே இல்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது, லா பயதேர். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. போர்ச்சுகீசியர்கள் நம் ஊர்க் கோயிலில் ஆடிய பெண்களை 'ஆடுகிறவள்' என்று தங்கள் மொழியில் கூப்பிட்டார்கள், அது பிரெஞ்சுக்குப் போய் பயதேர் ஆனது. அதாவது தேவதாசி. கதையும் அவளுடையதுதான். நிகியா என்கிற கோயில் நடனப்பெண், சோலோர் என்கிற வீரன். புனித நெருப்பின் முன் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன், ராஜா மகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிடுகிறான். 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மரியுஸ் பெத்திபா அமைத்த பாலே இது.

முதல் இரண்டு அங்கமும் எனக்குக் கோபம்தான். பொம்மைப் புலியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள், யானை பொம்மைமேல் மாப்பிள்ளை வருகிறான், பெண்கள் கையில் கிளியை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். கோயிலில் ஆடுகிறவள் என்கிறார்கள், அவள் காலில் சலங்கை இல்லை. பதாகம், கர்த்தரீமுகம் என்று நம் கைமுத்திரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இசையமைத்த மின்குஸின் இசை வால்ட்ஸ் தாளத்தில் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. நம் மிருதங்க மாமா பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்தே போயிருப்பார். ஆனால் அவள் சாகிற இடம் வேறு மாதிரி. பூக்கூடைக்குள் பாம்பு, அது கடித்துவிடுகிறது. தலைமைப் பூசாரி விஷமுறிவு மருந்தை நீட்டுகிறார். அவள் சோலோரைத் திரும்பிப் பார்க்கிறாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மருந்தை வேண்டாமென்று விட்டுவிடுகிறாள். அந்த ஒரு பார்வையில் அபிநயம் இருந்ததடி. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் மூன்றாம் அங்கம். எப்படிச் சொல்வேன்?

சோலோர் ஓபியம் புகைத்துக் கண்ணயர்கிறான். மேடை இருட்டு. பின்னால் ஒரு சரிவுப் பாதை. வெள்ளை உடையில், தலையிலிருந்து கைவரை மெல்லிய துணி தொங்க, ஒரு பெண் வருகிறாள். ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டி முன்னே சாய்கிறாள், நிமிர்ந்து பின்னால் வளைகிறாள், இரண்டடி வைக்கிறாள். அவ்வளவுதான் அடவு. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அதே அடவு. அப்புறம் இன்னொருத்தி. மொத்தம் முப்பத்திரண்டு பேர், எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெண் வந்து சேர்வதற்குள் முதலில் வந்தவள் அதையே முப்பது தடவைக்கு மேல் செய்தாக வேண்டும், அதுவும் சரிவில், அவ்வளவு மெதுவான இசையில். வேகமாக ஆடினால் தப்பு மறையும், மெதுவாக ஆடினால் எல்லாம் தெரியும் என்று நம் பரதநாட்டிய வாத்தியார் பிரம்பைத் தட்டிச் சொல்வாரே, நம்மை முழங்கால் மடக்கி அரைமண்டியில் நிறுத்திவைத்து, மெதுவான ஒன்றாம் காலத்திலேயே தட்டடவு போடச் சொன்ன நாட்கள்! நீ புளியோதரைக்காக ஓடிப்போன நாள் உட்பட எல்லாம் ஞாபகம் வந்தது. நான் உட்கார்ந்திருந்தது கூரையை ஒட்டிய மலிவு இடத்தில். மேலிருந்து பார்த்ததால்தான் அந்த வரிசை வளைந்து வளைந்து மேடையை நிரப்புவது முழுதாகத் தெரிந்தது.

வாத்தியாரின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "நாங்க ஆடினப்போ..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்களே. ஒருநாளாவது அந்த வாக்கியத்தை முடித்தார்களா? நாமும் கேட்கவில்லை. பெண்களைக் கோயிலுக்கென்று பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், அது சரிதான். ஆனால் ஆடியவர்களின் பேச்சையும் சேர்த்தல்லவா நிறுத்திவிட்டோம். அந்த வெள்ளை வரிசை இறங்க இறங்க எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

இனிமேல் சொல்வதுதான் உனக்கு. 1838-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து ஐந்து தேவதாசிகளையும் மூன்று வாத்தியக்காரர்களையும் கப்பலேற்றி பாரிஸுக்குக் கொண்டுபோனார். ஐவரில் ஒருத்தி ஆறு வயதுக் குழந்தை. எந்த ஊர்க்காரர்கள் தெரியுமா? திருவந்திபுரம்! உன் தங்கை கல்யாணம் நடந்த அதே ஹயக்ரீவர் மலையடி ஊர். தெயோஃபீல் கோத்தியே என்ற எழுத்தாளர் அவர்களைப் பார்த்து மயங்கிப்போய் எழுதினார். அதிலும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி. அமானி என்று எழுதிவைத்திருக்கிறார்கள், அம்மணியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாரிஸில் அவளுக்கு வெண்கலத்தில் சிலையே செய்தார்கள். இருபது வருஷம் கழித்து, அதே கோத்தியே சாகுந்தலத்தை பாலேவாக எழுதினார். நடனம் அமைத்தது லூசியன் பெத்திபா, நம் மரியுஸின் அண்ணன். அப்புறம்தான் தம்பியின் பயதேர். அந்தப் பெண்கள் லண்டனுக்கும் வந்து அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது பத்து நிமிட நடை. ஆட்டம் முடிந்ததும் ஸ்ட்ராண்ட் தெருவில் நடந்து போய் அதன் வாசலில் நின்றேன். கட்டடம் மாறிவிட்டது, வேறு ஏதோ நாடகத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கெடிலம் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் இந்தக் குளிரில் எப்படி நின்றிருப்பார்கள், அந்தக் குழந்தைக்கு யார் சோறு ஊட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கடைசி ரயிலைத் தவறவிட்டேன்.

கடலூரிலிருந்து அரைமணி நேரம் ஆகுமா உனக்கு? அடுத்த சனிக்கிழமையே போ. தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சன்னிதித் தெருவில் வயதானவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசு. அம்மணி என்ற பெயரை யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா, அந்தக் குடும்பங்கள் எந்தப் பக்கம் குடியிருந்தன என்று கேள். மரியாதையாகக் கேள், அவசரப்படாதே. பாதியில் பேச்சை நிறுத்தினால் காத்திரு. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அதையும் எழுது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். கண்ணில் சொட்டு மருந்து விடுவதை மட்டும் நீயே பார்த்துக்கொள், தம்பியை நம்பாதே.

உன் பழைய ஜோடி