சுற்றியே வா, மகனே

மரியே வாழ்க

தூத்துக்குடி
14 ஜூலை 2024

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கொழும்பில் உங்கள் கப்பலில் வேலைக்குச் சைன் ஆன் பண்ணப் போகிற பையன் நம் தெருக்காரன்தான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். வாட்சப்பில் எழுதினால் எடுத்துப் படித்துவிடுவாள். அதனால்தான் காகிதம். நான் கடிதம் எழுதி எத்தனை வருடமாகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் பார்த்துப் படி.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. 26-ஆம் தேதி மாதா கோயிலில் கொடியேற்றம். போன வருடம் தங்கத் தேருக்கு நீ இங்கே இருந்தாய், வடம் பிடித்துவிட்டு உள்ளங்கை சிவந்து வந்து நின்றாய். இந்த வருடம் சப்பரம் பார்க்க அம்மாவை நான்தான் கூட்டிப்போக வேண்டும். பின்சுவர் வேலை முடிந்துவிட்டது. டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு மட்டும் உள் அறையில் இரண்டு கோட்டிங் பெயின்ட்டையும் தாண்டித் தெரிகிறது. பெயின்டர் இன்னொரு கோட்டிங் அடிக்கலாம் என்றான். போதும், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு 12 முதல் 4 வரை வாட்ச் பார்த்துவிட்டு வந்தால் போனை நோண்டாமல் படு. தண்ணீர் நிறையக் குடி.

அக்காவும் பிள்ளைகளும் திருப்பூரில் நலம். அத்தானுக்குத்தான் தூக்கம் இல்லை. அவருடைய பனியன் கண்டெய்னர் இங்கிருந்து ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடலில் ஏமன் ஹவுதிகள் கப்பல்களை அடிப்பதால் சூயஸ் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றி ராட்டர்டாம் போகிறது. முன்பைவிட இரண்டு வாரம் கூடுதல். கொழும்பில் வேறு பெட்டிகள் தேங்கிக் கிடக்கின்றனவாம். வாங்குகிறவன் சரக்கு கைக்கு வந்த பிறகுதான் பணம் போடுவான். இங்கே டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், நூல்காரன் வாசலில் நிற்கிறான். கோடைக்குத் தைத்த சட்டை கோடை முடிந்து போய்ச் சேர்ந்தால் யார் வாங்குவார்கள் என்கிறார். அவர் கஷ்டம் நியாயமானது. ஆனால் போன வாரம் இங்கே வந்திருந்தபோது, “இன்னும் சூயஸ் வழியாகப் போகிற லைன் இருக்கு மாமா, அதில் போட்டால் சீக்கிரம் போயிரும்” என்றார். நான் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

நீ படித்துக்கொண்டிருந்தபோது லீவுக்கு வந்தால் எனக்குப் பாடம் நடத்துவாய், ஞாபகம் இருக்கிறதா? மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக்காரர் 1956-இல் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் கப்பலில் ஏற்றி நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார், அன்றோடு உலகத்தில் மூட்டை தூக்கும் காலம் போனது என்றாய். அப்பா பிறந்த வருடமும் அதுதான் என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. 300 டன் வெங்காயமும் சிமெண்டும் ஏற்ற எங்களுக்கு நாலைந்து நாள் ஆகும். ஒவ்வொரு மூட்டையும் ஒரு முதுகின் மேல் வந்துதான் தோணியில் இறங்கும். இன்றைக்கு ஒரு கிரேன் மணிக்கு இருபது, முப்பது பெட்டி தூக்குகிறது. “பெட்டி வந்தபின் தூரம் என்பதே கிடையாதுப்பா” என்றாய். அப்போது நான் பதில் சொல்லவில்லை. தோணி ஓட்டின தண்டல் மகன் கப்பலில் செகண்ட் மேட் ஆபீசர் ஆகப்போகிறான், அவனிடம் என்னத்தைச் சொல்ல என்று இருந்துவிட்டேன்.

தூரம் இருக்கிறது தம்பி. தாமிரபரணி மண்ணைத் தள்ளித் தள்ளி, முத்து விற்ற கொற்கைத் துறைமுகத்தை வயல்காட்டுக்குள் விட்டுவிட்டது. பாம்பன் பக்கம் ஆழம் இல்லாததால் சென்னையில் இருந்து இங்கே வருகிற கப்பல் இன்றைக்கும் இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது. 2005-இல் சேதுக் கால்வாய் தொடங்கினார்கள், பாதியில் நின்றது. நம் துறைமுகத்திலும் அந்தப் பெரிய தாய்க்கப்பல்களுக்கு ஆழம் போதாது, அதனால்தான் அத்தான் சரக்கு முதலில் கொழும்புக்குப் போகிறது. 1967-இல் சண்டை வந்து சூயஸ் அடைபட்டபோது எனக்குப் பதினோரு வயது. 1975 வரை திறக்கவில்லை. 14 கப்பல்கள் நடுவில் உள்ள ஏரியில் எட்டு வருடம் மாட்டிக்கொண்டு, பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிப் போயின. சுற்றித்தான் போக வேண்டும் என்றானதும், போகிற தடவையில் நிறைய கொண்டுபோவோம் என்று எண்ணெய்க் கப்பல்களைப் பெரிது பெரிதாகக் கட்டினார்கள். பிறகு பெட்டிக் கப்பல்களும் அப்படியே பெருத்தன. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள எவர் கிவன் கப்பல் அந்த வாய்க்காலில் குறுக்கே செருகி ஆறு நாள் நின்றது. அதில் இருந்த 25 மாலுமிகளும் நம் நாட்டுப் பிள்ளைகள். மிதக்கவிட்ட பிறகும் நஷ்டஈட்டுத் தகராறில் கப்பலை ஜூலை வரை விடவில்லை. அப்போது நீ போனில், “கப்பலை ஓட்டுகிற அந்தப் பிரிட்ஜில் நான் நின்றிருந்தால் என்ன பண்ணியிருப்பேன்” என்று மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாய்.

சரி. இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை.

கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்ட என் போனில் நீ போட்டுக் கொடுத்த மரைன் டிராஃபிக் ஆப்பை நான் தினமும் பார்க்கிறேன். காலை ஜெபம் முடிந்ததும் அதுதான். நடுக்கடலில் இருந்தால் பணம் கட்டாதவனுக்குக் காட்டாது, கரைப்பக்கம் வந்தால் காட்டும், அது எனக்குத் தெரியும். மே மாதம் உன் கப்பல் கடைசியாக ஓமன் கரையில் சலாலா பக்கம் தெரிந்தது. அம்மாவிடம் நீ கேப் வழி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் என்று சொல்லியிருந்தாய். அப்படியானால் நான் அடுத்து டர்பன் பக்கம் பார்க்க வேண்டும், அதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நாலாம் நாள் கப்பல் ஜெத்தாவில் நிற்கிறது.

சலாலாவில் இருந்து ஜெத்தாவுக்கு நாலு நாளில் போக ஒரே வழிதான் இருக்கிறது. செங்கடலுக்குள் நுழைகிற அந்த ஜலசந்திக்கு அரபியில் கண்ணீர் வாசல் என்று பெயர் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த நாலு நாளும் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டுகிற அடையாளக் கருவியை நீங்கள் அணைத்திருப்பீர்கள். நான் அந்தப் பழைய புள்ளியையே பார்த்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டால் வாடைக்குப் புழுக்கம் தீரட்டும் என்று இருக்கிறேன் என்பேன். மே மாதத்தில் ஏது வாடை, அவள் கவனிக்கவில்லை.

பிறகு நீ பேசும்போது, நங்கூரம் போட்டு நின்றோம், நெட் இல்லை என்றாய். நானும் சரி என்றேன்.

ஜூனில் நீ அனுப்பின பணம் வழக்கத்தைவிட அதிகம். ஓவர்டைம் என்றாய். ஆபீசருக்கு ஓவர்டைம் கிடையாது என்று நீ செகண்ட் மேட் ஆன அன்றைக்கே சொல்லியிருக்கிறாய். யூனியனில் இருக்கிற என் பழைய கூட்டாளியிடம், யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல் அந்தப் பகுதிக்குள் போனால் அத்தனை நாளைக்கும் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, உயிர் போனால் நஷ்டஈடும் இரட்டிப்பு, வரமாட்டேன் என்று சொல்கிறவனைக் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்பியாக வேண்டும் என்றான். ஆக, மாட்டேன் என்று சொல்ல உனக்கு இடம் இருந்தது. நீ சொல்லவில்லை. பாதைக்கு வரைபடத்தில் கோடு போடுகிறவனும் நீதான், உன் கையாலேயே போட்டிருக்கிறாய்.

நவம்பரில் கேலக்ஸி லீடர் கப்பலை ஹவுதிகள் ஹெலிகாப்டரில் வந்து பிடித்ததைப் பார்த்தோம், அந்த 25 பேரும் இன்னும் வீடு திரும்பவில்லை. ஜனவரியில் மார்லின் லுவாண்டா கப்பலில் ஏவுகணை விழுந்து எரிந்தது, நம் பிள்ளைகள் 22 பேர் உள்ளே. நம் கடற்படைக் கப்பல் விசாகப்பட்டினம் போய்த் தீயை அணைத்தது. மார்ச் 6-ஆம் தேதி ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று பேர் செத்தே போனார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் நீ பெட்டி கட்டினாய். அம்மா உன் பைக்குள் மாதா படம் வைத்தாள், நான் ஆட்டோ கூப்பிடப் போனேன். ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கேப்பைச் சுற்றினால் ஏறக்குறைய 3,500 கடல்மைல் கூடும், பத்துப் பதினாலு நாள் கூடும், எண்ணெய் செலவு கூடும். கூடட்டும். அதைச் சரக்குக்காரன் தாங்குவான், கம்பெனி தாங்கும், அத்தான்கூட எப்படியாவது சமாளிப்பார்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பணம் வேண்டும் என்று உன்னிடம் சொன்னவன் நான். வெள்ளத்துக்குப் பிறகு ராத்திரி போன் பண்ணி, வட்டி எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாசித்தது நான்தான். நீ வேறு என்ன செய்வாய்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் தாய்மாமாவைப் பற்றி.

1994, வைகாசி. மாலத்தீவு மாலேக்கு வெங்காயம் ஏற்றிவிட்டோம். கச்சான் காற்று ஏறத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றவில்லை என்று இத்தனை வருடமும் நான் சொன்னது உண்மைதான், ஏற்றவில்லை. ஆனால் அலை எந்தப் பக்கமாக மடிகிறது என்று பார்த்தால் ஒரு தண்டலுக்குத் தெரியாதா? மூட்டைகளுக்குள் கை விட்டால் சூடு. இரண்டு நாள் விட்டால் அழுகும், அழுகினால் கூலியும் இல்லை, அடுத்த சீசனுக்கு அந்தத் தோணியும் எனக்கு இல்லை. மாமா சுக்கான் பக்கத்தில் நின்று, “மச்சான், ரெண்டு நாள் பொறுப்போம்” என்றான். ஆட்கள் எல்லோரும் கேட்க நான் அவனிடம், “பயந்தவனுக்குக் கடல் எதுக்குல, இறங்கிப் போ” என்றேன். அவன் இறங்கவில்லை. அப்படிச் சொன்ன பிறகு எந்த ஆம்பளை இறங்குவான்?

மூன்றாம் நாள் ராத்திரி தார்ப்பாய் பிய்த்துக்கொண்டது. அதைக் கட்டப் போனவனை அலை எடுத்தது. விடியும் வரை சுற்றிச் சுற்றித் தேடினேன். சரக்கு மாலேயில் நல்ல விலைக்குப் போனது, கூலி முழுசாகக் கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் நம் வீட்டு முன்கட்டு.

திடீரென்று காற்று வந்தது என்றுதான் அம்மாவுக்கு இன்றுவரை தெரியும். நீ பிறந்ததும் அவன் பெயரையே வைக்கச் சொன்னாள். நான் சரி என்றேன். உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் தம்பி, மக்கா என்று கூப்பிட்டேனே தவிர, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. நீயே ஒருமுறை கேட்டாய், அப்பா ஏன் என் பெயர் சொல்லமாட்டேன் என்கிறீர்கள் என்று.

அவனுக்கு மாட்டேன் என்று சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. உனக்கு ஒப்பந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

ஜூனில் வந்ததில் கூடுதலாக இருந்ததை நான் தொடவில்லை, பேங்க்கில் அப்படியே கிடக்கிறது. வட்டிக்காரரிடம் பேசிவிட்டேன், தை வரை பொறுக்கிறேன் என்றார். பெரிய அத்தை வீட்டுக்குப் பின்னால் உள்ள அந்த இடத்துக்கும் ஆள் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அதற்காக நீ வருத்தப்படாதே. அம்மாவிடம் மாமா விஷயத்தை நீ சொல்ல வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது. கோயில் கொடி இறங்கட்டும் என்று இருக்கிறேன். அதையும் தள்ளிப்போடுகிறேனோ என்னவோ.

இந்தப் பையனிடம் மக்ரூன் ஒரு கிலோ கொடுத்திருக்கிறாள் அம்மா. நொறுங்கியிருந்தாலும் எறிந்துவிடாதே, கூட இருக்கிற பிலிப்பினோ பிள்ளைகளுக்கும் கொடு. கருவாடு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், கேபின் நாறும்.

அடுத்த பயணம் எந்த வழி என்று எனக்குத் தெரிய வேண்டும். கேப் வழி என்றால் ‘மக்ரூன் நன்றாக இருந்தது’ என்று வாட்சப்பில் போடு. அம்மா பார்த்தாலும் அவளுக்குச் சந்தோஷம். உள்ளே போகிறீர்கள் என்றால் ஒன்றும் போடாதே, நான் புரிந்துகொள்வேன்.

இல்லை, அப்போதும் ஏதாவது போடு. சாப்பிட்டேன் என்றாவது போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா