மாரியம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழுவின் உறுப்பினர்களுக்கும், தலைக்கட்டு வரி செலுத்தும் அனைத்துக் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

குன்னூரை ஒட்டிய நம் ஊர் மாரியம்மன் கோயிலின் பின்புறத் தடுப்புச் சுவர், மழைநீர் வடிகால், புதிய முன்மண்டபம், விமானப் புதுப்பிப்பு, மடப்பள்ளி ஆகிய பணிகள் நிறைவுற்று, வைகாசியில் கும்பாபிஷேகமும் அதைத் தொடர்ந்து மண்டலாபிஷேகமும் அம்மன் அருளால் நல்லபடியாக நடந்தேறின. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியாக அச்சிட்டு வழங்கப்படுகிறது. பணிகள் எந்த வரிசையில், என்ன காரணத்தால் நடந்தன என்பதையும், ஓராண்டில் முடியும் என்று பலரும் எண்ணிய வேலை இரண்டாம் ஆண்டுக்குள் சென்றது ஏன் என்பதையும் விளக்குவதே இந்த அறிக்கையின் நோக்கம்.

பொதுவாகக் கோயில் திருப்பணியில் கும்பாபிஷேக நாளை முதலில் குறித்துவிட்டு, அந்த நாளைப் பிடிக்க வேலையை விரட்டுவது வழக்கமாக இருக்கிறது. இம்முறை அவ்வாறு செய்வதில்லை என்று குழு தொடக்கத்திலேயே தீர்மானித்தது. மண்டப மேல்தளத்தின் வலிமைச் சோதனை முடிவு கைக்கு வந்த பிறகே முகூர்த்தம் பார்க்கப்படும் என்ற அந்தத் தீர்மானம் உறுப்பினர் பலருக்கு மனக்குறையாக இருந்ததைக் குழு அறியும். தை மாதமே நடத்தியிருக்கலாமே என்று வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். தையில் நடத்தியிருந்தால், முட்டுக் கம்புகள் நிற்கும் மண்டபத்தின் அடியில்தான் யாகசாலை போட வேண்டியிருந்திருக்கும்.

முதலில் எடுத்துக்கொண்ட வேலை, வெளியே யார் கண்ணுக்கும் படாத வேலை. கோயிலின் பின்புறம் மலையை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் பழைய கல்கட்டு வயிறு தள்ளி நின்றது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், அந்த வாரத்தில் மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும் நம்மில் பெரும்பாலோர் நேரில் அறிவோம். அந்த மழையைத் தாங்காத சுவருக்குக் கீழே புது மண்டபம் எழுப்புவது பொருளற்ற செலவு என்று பொறியாளர் எழுத்துமூலமாகவே தெரிவித்தார். எனவே விமானத்துக்கு என்று குறிப்பிட்டு வந்த நன்கொடையை விமானத்துக்கே தனியாக வைத்துவிட்டு, பொது நிதி முழுவதும் முதலில் சுவருக்கும் வடிகாலுக்கும் ஒதுக்கப்பட்டது.

நம் பக்கத்து மலைச்சரிவில் சுவரைத் தள்ளுவது மண்ணைவிட அதிகமாக மண்ணுக்குள் தேங்கும் நீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவு முழுவதும் ஊறி, வெளியேற வழியில்லாத நீர் சுவரின் பின்னால் நிற்கும்போது அதன் அழுத்தமும் மண்ணின் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. பழைய கல்கட்டில் நீர் வடியும் துளைகள் இருந்தன. ஆனால் அவற்றின் பின்னால் ஜல்லி இல்லாததால் செம்மண் வந்து அடைத்துக்கொண்டிருந்தது. புதிய சுவரில் துளைக் குழாய்கள் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, வெளிப்புறம் சற்றுச் சாய்வாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குழாயின் பின்வாயிலும் வடிகட்டித் துணி சுற்றி, சுவரின் முழு உயரத்துக்கும் ஜல்லி அடுக்கு நிரப்பப்பட்டிருக்கிறது. சுவருக்கு மேலே சரிவின் நீரை மறித்துத் திருப்பும் வாய்க்கால் வெட்டி, அது ஓடையில் சேரும் வரை கல் பாவப்பட்டுள்ளது. அந்த வாய்க்கால் தம் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகச் செல்ல இசைந்த குடும்பத்தாருக்குக் குழு நன்றி தெரிவித்துக்கொள்கிறது. அவர்கள் மறுத்திருந்தால் இந்த வடிவமைப்பே நடந்திருக்காது.

மண் வெட்டும் வேலை தையில் தொடங்கியது. நம் மாவட்டத்தில் பொக்லைன் இயந்திரம் பயன்படுத்த ஆட்சியரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கோயில் வரை இயந்திரம் வரப் பாதையில்லை. ஆள் வைத்து வெட்டியது செலவைக் கூட்டினாலும், சரிவு முழுவதையும் ஒரே சமயத்தில் திறந்து போடாமல், பத்தடி வெட்டி, அடுத்த பத்தடியை விட்டு, வெட்டிய பகுதியில் சுவர் எழும்பிய பிறகே விட்ட பகுதியைத் தொடுவது என்ற முறை அதனால் எளிதாயிற்று. ஒரே மூச்சில் வெட்டியிருந்தால் பங்குனியிலேயே சுவர் முடிந்திருக்கும் என்ற பேச்சு ஊரில் இருந்தது. கோடை மழை ஒன்று நடுவில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே அதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவர் வைகாசியில் முடிந்தது. மண்டபத்தின் அடித்தளமும் தூண்களும் ஆவணி, புரட்டாசியில் எழுந்தன. ஐப்பசி, கார்த்திகையில் மண்ணைத் தொடும் எந்த வேலையும் வைக்கப்படவில்லை. அடைமழையில் துளைக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் நீர் வடிகிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பது மட்டுமே அந்த நாட்களின் பணியாக இருந்தது. முதலில் கலங்கலாக வந்த நீர் பின்னர் தெளிந்து வந்தது. ஜல்லி அடுக்கு மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மண்டப வரைபடத்தில் ஸ்தபதிக்கும் பொறியாளருக்கும் ஒத்துவராத இடம் ஒன்று இருந்தது. தளத்தின் பாரத்தைக் குறைக்க நடுவில் ஒரு தூண் வரிசை வேண்டும் என்றார் பொறியாளர். கருவறையின் நடுக்கோடான பிரம்ம சூத்திரத்தை மறைத்து எதுவும் நிற்கக் கூடாது என்றார் ஸ்தபதி. நடுத்தூண் கைவிடப்பட்டு, பதினாறு அடி இடைவெளியைத் தாங்கும் வகையில் உத்திரத்தின் ஆழம் கூட்டப்பட்டது. அதனால் ஏறிய உயரத்தையும் கணக்கிட்டு, மலைவாசஸ்தலங்களுக்கான 1993-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் வகுத்த 7 மீட்டர் வரம்புக்குள் மண்டபம் முழுவதும் அடங்குமாறு வரைபடம் திருத்தப்பட்டது. ஸ்தபதியின் விரற்கடைக் கணக்கும் பொறியாளரின் மில்லிமீட்டர் கணக்கும் ஒரே தாளில் எழுதப்பட்டு, இருவரும் கையொப்பமிட்ட பிறகே வானம் (அடித்தளக் குழி) தோண்டக் கயிறு பிடிக்கப்பட்டது. இந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்த நாட்கள் வீண் என்று குழு கருதவில்லை. தூண் எழும்பிய பிறகு இந்தக் கருத்து வேறுபாடு வெளிப்பட்டிருந்தால் இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

தளக் கான்கிரீட் மார்கழிக் கடைசியில் போடப்பட்டது. அதிகம் பேசப்பட்ட தாமதம் இங்கேதான் ஏற்பட்டது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்புகளை 14 நாளில் எடுக்கலாம் என்கிறது. சமவெளியிலிருந்து வந்த மேஸ்திரியும் அதையே சொன்னார். ஆனால் அந்தக் கணக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கும், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கும் உரியது. நாம் பயன்படுத்தியது சாம்பல் கலந்த பி.பி.சி. வகை; மார்கழி, தை இரவுகளில் நம் ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்பதை உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிரில் சிமெண்ட் கெட்டிப்படுவது மெதுவாகவே நடக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டிகளை அங்கே ஏறக்குறைய 27 டிகிரி நீரில் ஊற வைக்கிறார்கள். கலவை சரியா என்பதை அது சொல்லுமே தவிர, குளிரில் கிடக்கும் நம் தளம் எந்த அளவு வலுப்பட்டது என்பதைச் சொல்லாது. ஆகவே மூன்று கட்டிகள் கூடுதலாக வார்க்கப்பட்டு, தளத்தின் மேலேயே, தளத்துக்குப் போர்த்திய அதே ஈரச் சாக்கின் அடியில் வைக்கப்பட்டு, 28-ஆம் நாள் கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டன. எம்20 தரக் கான்கிரீட்டுக்கு அத்தகைய கட்டி சுமார் 46 டன் பாரம் தாங்க வேண்டும். மூன்றும் அதற்கு மேல் தாங்கிய பிறகே முட்டுகள் அகற்றப்பட்டன.

இந்தக் காத்திருப்பால் கான்கிரீட்டை வார்க்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் தகடுகளுக்கும் முட்டுகளுக்கும் கூடுதல் நாள் வாடகை ஆயிற்று. அதை ஒப்பந்ததாரர் தலையில் கட்டாமல் குழுவே ஏற்றுக்கொண்டது. கணக்கில் அது தனி இனமாகக் காட்டப்பட்டுள்ளது. காத்திருக்கச் சொன்னது நாம் என்பதால் அதுவே முறை.

பொருள்களைக் குழு வாங்கித் தருவது, வேலைக்கு மட்டும் ஒப்பந்தம் என்ற வகையில் கூலி ஒப்பந்தம் செய்யப்பட்டது. நன்கொடையைப் பொருளாகத் தர விரும்பியவர்கள் மிகுதியாக இருந்ததே இதற்குக் காரணம். சிமெண்ட் மூட்டைகளை நேரடியாகக் கோயிலில் இறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது சிலருக்கு வருத்தமளித்திருக்கலாம். மேகம் வந்து படியும் இந்த ஈரத்தில் வாரக்கணக்கில் அடுக்கி வைத்த சிமெண்ட் கட்டி தட்டிப்போகும். எனவே மூட்டைக்கு உரிய தொகை கடையில் நம் கணக்கில் சேர்க்கப்பட்டு, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அவ்வப்போது எடுக்கப்பட்டது. மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே இறக்குவது என்பது விதியாக இருந்தது. ஒருமுறை பழைய வாரத்து மூட்டைகள் வந்தபோது, அடுக்கின் அடிமூட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தால் மாவாக நெகிழாமல் ஓரங்களில் கட்டியாக நின்றது. மொத்தமும் அதே வண்டியில் திருப்பி அனுப்பப்பட்டது.

எம்-சாண்டும் ஜல்லியும் மேட்டுப்பாளையம் வழியாகக் கீழிருந்தே வர வேண்டியிருந்தன. தார்ச்சாலையில் இறக்கிக் கோயில் வரை தலைச்சுமையாகக் கொண்டுவந்த கூலி, சில மாதங்களில் பொருளின் விலையையே எட்டிப்பிடித்தது. முதல் எஸ்டிமேட்டிலேயே சுமைக்கூலி தனியாகக் காட்டப்பட்டிருந்ததால் பின்னர் அதைப் பற்றிச் சர்ச்சை எழவில்லை.

வேலைக்கான பணம் நாள் கணக்கில் தரப்படவில்லை. முடிந்த வேலையைப் பொறியாளரும் குழு உறுப்பினர் இருவரும் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்து, அந்த அளவுக்கு உரிய தொகை மட்டும் வழங்கப்பட்டது. அடித்தளக் கம்பி போல மூடப்பட்டால் மறுபடி பார்க்க முடியாதவற்றுக்கு, கான்கிரீட் போடும் முன்பே அளவும் புகைப்படமும் எடுக்கப்பட்டன. வேலை நடுவே யார் எந்த மாற்றத்தைக் கேட்டாலும், அதன் செலவும் அதனால் தள்ளிப்போகும் நாளும் எழுதப்பட்டுக் குழுவின் தீர்மானம் ஆன பிறகே மேஸ்திரியிடம் சொல்லப்பட்டது. பிரகாரத்துக்கு மெருகேற்றிய கிரானைட் போட வேண்டும் என்று வந்த கோரிக்கை இவ்வாறு ஆராயப்பட்டே கைவிடப்பட்டது: பனியிலும் தூறலிலும் நனைந்த மெருகுக் கல்லில் வெறுங்காலோடு வலம் வரும் முதியோர் வழுக்கி விழுவார்கள். கொத்தி விட்ட கருங்கல்லே அங்கே பாவப்பட்டது. கிரானைட் தர முன்வந்த அன்பர் அதே தொகையை மடப்பள்ளிக்கு வழங்கியது பாராட்டுக்குரியது.

பாலாலயம் (திருப்பணி முடியும் வரை அம்மனைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்வது) தொடக்கத்திலேயே செய்யப்படாதது பற்றியும் கேட்கப்பட்டது. சுவரும் மண்டபமும் கருவறையைத் தொடாத வேலைகள் என்பதால், விமானத்தில் கைவைக்கும் மாசி மாதத்தில் மட்டும் பாலாலயம் நடத்தினால் போதும் என்று ஸ்தபதியும் அர்ச்சகரும் கூறினர். அம்மன் மூலஸ்தானத்தை விட்டு நீங்கியிருந்த காலம் அதனால் வெகுவாகக் குறைந்தது. சுதை வேலை மாசியிலும், சுதை முழுவதும் உலர்ந்த பிறகு வண்ணம் சித்திரையிலும் முடிக்கப்பட்டன. ஈரச் சுதையின் மேல் வண்ணம் ஏற்றினால் அடுத்த மழைக்குள் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிடும்.

வரைபடங்கள், அளவுப் புத்தகம், ஆய்வக முடிவுகள், மூடப்பட்ட வேலைகளின் புகைப்படங்கள், மின்கம்பி செல்லும் பாதையின் படம் ஆகியவை ஒரே கோப்பாகக் கோயில் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்குள் மேல்வாய்க்காலைத் தூர்வாரித் துளைக் குழாய்களில் அடைப்பு நீக்கும் பொறுப்பை நிர்வாகம் எழுத்துமூலமாக ஏற்றுக்கொண்டுள்ளது. மடப்பள்ளிப் புகைப்போக்கியின் மேல்மூடி மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை. ஒப்பந்ததாரரின் பட்டியல்களில் பிடித்து வைத்திருக்கும் 10 சதவீதத் தொகை வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. வரும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, சுவரிலும் மண்டபத் தளத்திலும் கசிவோ விரிசலோ இல்லை என்று பொறியாளர் சான்றளித்த பிறகு, மார்கழிக் கூட்டத்தில் உறுப்பினர்களின் ஒப்புதலோடு அது வழங்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு