சொல் நோட்டு குறித்து மகளுக்கு

கீழக்கரை

அன்பு மகளுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறோம். உன் நலத்தை உம்மா வழியாகத்தான் அறிந்துகொள்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது வெளிநாட்டுப் பல்கலைக்கழக மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்காக நீ எழுதிவந்த சொல் நோட்டுகளில் ஒன்றை இங்கேயே விட்டுச் சென்றிருக்கிறாய். மற்றவர் நோட்டைப் புரட்டுவது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவன் கண்ணில் ஒரு நோட்டு பட்டால், சிவப்பு மையைத் தேடாமல் இருக்க முடியவில்லை. கையெழுத்து உன் உம்மாவுடையதைப் போலவே அழகாக இருக்கிறது. நம் தெருவில் இப்படி ஒரு தேர்வு இருப்பதே உன்னால்தான் தெரியவந்தது என்று பள்ளிவாசலில் பலர் என்னிடம் சொல்கிறார்கள். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் சொற்களை நீ அகரவரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து மனப்பாடம் செய்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. உருவத்திலும் ஒலியிலும் ஒத்த சொற்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றின் பொருள் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். இன்ஜீனியஸ் என்பது மதிநுட்பம் உடையது. இன்ஜென்யுவஸ் என்பது சூதுவாது அறியாதது. இரண்டையும் ஒரே பக்கத்தில், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு படித்தால் தேர்வு அறையில் எது எதுவென்று எப்படித் தெரியும்? சேங்ஷன் என்பதற்கு 'அனுமதி' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். தாலுகா அலுவலகத்தில் கடன் சேங்ஷன் ஆயிற்று என்றால் அது அனுமதிதான். ஒரு நாட்டின் மீது இன்னொரு நாடு சேங்ஷன் விதித்தது என்று செய்தித்தாளில் வந்தால் அது தடை. எனர்வேட் என்பதற்கு 'ஊக்கப்படுத்து' என்று எழுதியிருப்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். எனர்ஜி என்ற சொல்லின் சாயல் உன்னை ஏமாற்றியிருக்கிறது. லத்தீனில் நரம்பை உருவி எடுத்தல் என்ற கருத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குச் சோர்வடையச் செய்வது என்றுதான் பொருள். நாய்சம் என்பதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பே இல்லை. அது துர்நாற்றத்தைக் குறிப்பது.

வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஒரு குடும்பமே கைக்கு வரும். பேசுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து எலொக்வென்ட், லொக்வேஷியஸ் இரண்டும் வந்தன. மௌனமாக இருத்தல் என்ற வேரிலிருந்து டேசிட், டேசிடர்ன், ரெடிசென்ட் மூன்றும் வந்தன. இந்த இரண்டாவது குடும்பத்தை மறக்க எனக்கு இப்போது வழியே இல்லை. உம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "வாப்பாவுக்குச் சலாம் சொல்லுங்க" என்று நீ வைத்துவிடும் ஒவ்வொரு முறையும் அவை நினைவுக்கு வருகின்றன.

ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். நோட்டின் ஓரத்தில் தேதியிட்டு ஒரே நாளில் எத்தனை சொற்களை அள்ளியிருக்கிறாய் என்று பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. நம் ஊரில் சங்கு குளிக்கப் போனவர்கள் ஒரே மூச்சில் கடலடி முழுவதையும் துழாவ நினைத்ததில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு மேலே வந்து, மூச்சு வாங்கிய பிறகே மறுபடி இறங்கினார்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறந்துபோகின்றன என்பதை அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் நாளிலேயே மறதி வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். ஆகவே மறுநாள் ஒருமுறை, சில நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்த் திரும்பப் பார்க்க வேண்டும். நோட்டை விட, அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதி வரிசையாகச் சில பெட்டிகளில் இட்டு வைப்பது நல்லது. தெரிந்த சொல்லின் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகட்டும். தெரியாதது முதல் பெட்டிக்கே திரும்பட்டும். ஒரு நாளைக்குப் பத்துதான், அதற்கு மேல் வேண்டாம். இரவு பதினோரு மணிக்குள் விளக்கை அணைத்துவிடு.

மேலும் இந்தத் தேர்வு சொற்பட்டியலைக் கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயிற்று. எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் 2011-இலேயே நீக்கப்பட்டன. இப்போது மொழிப்பகுதியில் 41 நிமிடங்களில் 27 வினாக்கள். அவற்றில் ஒரு பங்கு, வாக்கியத்தில் விடுபட்ட இடத்தை நிரப்புவது. மூன்று இடங்கள் விடுபட்டிருந்தால் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகையும் உண்டு. அந்த இரண்டில் எதை வைத்தாலும் வாக்கியத்தின் பொருள் ஒன்றாகவே இருக்க வேண்டும். 'ஆனாலும்', 'இருந்தபோதிலும்' என்ற பொருளில் வரும் சிறு சொல் வாக்கியத்தின் போக்கை எங்கே திருப்புகிறது என்று காணாதவருக்கு ஆயிரம் கடினச் சொல் தெரிந்தும் பயனில்லை. ஆகவே லிப்கோ அகராதியில் தமிழ்ப் பொருளைப் பார்த்த கையோடு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள ஆங்கில அகராதியையும் பார்த்து, அந்தச் சொல்லை வைத்து நீயே ஒரு வாக்கியம் எழுது.

வேறொன்றும் காதில் விழுந்தது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பதால் பொதுவாக எழுதுகிறேன். ஒருமுறை எழுதியவர் 21 நாள் கழித்து மறுபடியும் எழுதலாமாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் ஐந்து முறை வரை அனுமதி உண்டு. எந்த முறை வாங்கிய மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதும் எழுதியவர் விருப்பமாம். கட்டணம் கூடுதல்தான், அதைப் பற்றி யோசிக்க வேண்டியவன் நான். தேர்வு முடிந்துவிட்டது என்று ஷார்ஜாவிலிருந்து உன் காக்கா சொன்னான். அதற்கு மேல் நான் அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை.

தடைக்காலம் ஆதலால் மீன் விலை ஏறிக் கிடக்கிறது. உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி ஊரில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பத்துச் சொல், சரியான தூக்கம், இவ்விரண்டையும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். உம்மாவிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாமல், போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

துஆவுடன்,
வாப்பா