எரியாத வீட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்பின் மருமகனுக்கு,

போன வெள்ளிக்கிழமை இரவு சாய்மனைக் கதிரையில் சரிந்துகொண்டு, தீயணைப்பு வேலையில் நீ அணைக்கப் போன அந்தக் கடைத் தீயைப் பற்றிச் சொன்னாய். ஷட்டர் இடுக்கால் கரும்புகை தள்ளியதாம். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், உள்ளுக்குப் போங்கோவன்" என்று சனம் கத்தியதாம். மூச்சுக்கருவியை மாட்ட நேரமில்லை என்று மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நுழைந்தாயாம். கேட்டுக்கொண்டிருந்த அக்கா நெஞ்சில் கையை வைத்தாள். ஆனால் அவள் கண்ணில் பெருமையும் இருந்தது. எனக்கும் இருந்தது. நீ போன பிறகு விடியும்வரை எனக்கு நித்திரை வரவில்லை. உள்ளே ஆட்கள் ஒருவரும் இல்லை என்று கடைக்காரர் முதலே சொல்லியிருந்தார் என்பதை, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போதுதான் சொன்னாய்.

நேரில் சொன்னால் "மாமா, இது சுவிஸ் இல்லை" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்யும் பெடியளும் வாசிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

சுவிஸில் பல மாநிலங்களில் ஊர்த் தீயணைப்பில் சேர வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஒரு வரி கட்ட வேண்டும். வரியை மிச்சம்பிடிக்கத்தான் நான் முதல் நாள் போனேன். பிறகு 14 வருடம் விடவில்லை. அங்கே படித்ததைச் சொல்ல முன், இங்கே பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பெடியன். பங்குனி மாதக் கடைசி, ஓலையெல்லாம் மொறுமொறு என்று காய்ந்து கிடந்த நேரம். எங்கள் ஒழுங்கையில் ஒரு குசினிக் கூரை பற்றியது. அப்பு ஓடிவந்து முதலில் கேட்டது, "உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?" இரண்டு தரம் கேட்டார். எல்லாரும் வெளியே என்று அந்த வீட்டம்மா சத்தியம் பண்ணின பிறகு அவர் எரியும் வீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலிக் கிடுகைப் பிடுங்கி எறியச் சொன்னார். துலாவில் ஒருவர் ஏறினார், கிணற்றிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போனது. நனைத்த சாக்குகளை அதன் மேல் பரப்பினார்கள். எரிகிற வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீரும் போகவில்லை. நான் அழுதுகொண்டு ஏன் என்று கேட்டேன். "அது போட்டுது மோனை. போனதுக்கு ஊத்திப்போட்டு இருக்கிறதையும் விடுறதோ?" என்றார்.

பல வருடம் கழித்து, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் தலைவராக 1978 முதல் 2006 வரை இருந்த அலன் புருனசினி வகுத்த விதியை சுவிஸில் தீயணைப்பு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். காப்பாற்றக்கூடிய உயிருக்காகப் பெரிய ஆபத்தையும் அளந்து எடுக்கலாம். பொருளுக்காகச் சின்ன ஆபத்து மட்டும். ஏற்கெனவே போனதுக்காக ஒன்றுமே இல்லை. எனக்கு அப்புவின் குரல் கேட்டது.

அந்த விதியைச் சொல்வது சுகம். கதவடியில் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் சனம் கத்தும்போது, அதைச் செய்வதுதான் கஷ்டம். 1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் யன்னல் இல்லாத பழைய குளிர்களஞ்சியம் ஒன்று எரிந்தது. வீடற்ற ஆட்கள் உள்ளே இருக்கலாம் என்று தேடப் போன இரண்டு வீரர்கள் புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடிப் போன நாலு பேரும் திரும்பவில்லை. தேடப்பட்ட ஆட்களோ முதலே வெளியேறியிருந்தார்கள். பொறுப்பாக நின்ற அதிகாரி, கூட்டாளிகளைத் தேடி உள்ளே போகத் துடித்த மற்ற வீரர்களை வாசலில் மறித்து, இனி ஒருவரும் போகக்கூடாது என்றார். அன்றிரவு அங்கே நடந்தவற்றில் அதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை என்று நினைக்கிறேன்.

2001இல் பீனிக்ஸிலும் ஒரு சுப்பர்மார்க்கெட் தீயில் ஒரு வீரர் இறந்தார். அதன்பின் அவர்கள் ஒத்திகை வைத்து அளந்து பார்த்தார்கள். உள்ளே விழுந்த ஒரு வீரரை வெளியே எடுக்க 12 பேர் தேவைப்பட்டது. நேரம் சராசரி 21 நிமிடம். மீட்கப் போகிற ஐந்து பேரில் ஒருவர் தானும் சிக்கலில் மாட்டினார். வெள்ளிக்கிழமை நீ விழுந்திருந்தால் உன்னை எடுக்க வெளியே எத்தனை பேர் நின்றார்கள்? எண்ணிப் பார்.

இப்போதைய தீ அப்பு கண்ட தீயும் இல்லை. அமெரிக்காவில் தீப் பாதுகாப்பைச் சோதிக்கும் யூ.எல். ஆய்வுகூடத்தில் ஒரே அளவான இரண்டு அறைகளை எரித்தார்கள். மரமும் பருத்தியும் இருந்த அறை முழுதாகப் பற்ற 29 நிமிடம் தாண்டியது. ஸ்பொஞ்சும் பொலியெஸ்டரும் நிறைந்த அறைக்கு 4 நிமிடம்கூட எடுக்கவில்லை. எங்கள் புடவைக்கடைகளிலும் இப்போது இருப்பது இந்தச் சாமான்தான். மூடிய கடைக்குள் தீ காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும். தண்ணீர்க் குழாய் தயாராகாமல் ஷட்டரைத் தூக்கினால் அதற்குச் சாப்பாடு போடுகிறாய். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரஜன் சயனைட்டும் வாயுக்கள். ஈரத்துணி அவற்றை மறிக்காது. இதை மட்டும் நீ மறக்காவிட்டால் இந்தக் கடிதம் எழுதியதற்கு அதுவே போதும்.

"அப்ப உண்மையான நெருப்பில பழகினாத்தானே மாமா பயம் தெளியும்?" என்று கேட்டாய். சரிதான், ஆபத்தே இல்லாத பயிற்சி வெறும் அணிவகுப்பு. ஆனால் படிப்படியாகப் போக வேண்டும். 2001 செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலத்து லெயர்ட்ஸ்வில் கிராமத்தில் ஒரு பழைய வீட்டில் பயிற்சிக்கென்று தீ மூட்டினார்கள். சேர்ந்து சில கிழமைகளே ஆன 19 வயதுப் பெடியனை, மீட்கப்பட வேண்டிய ஆளாக நடிக்க மேல்மாடியில் வைத்தார்கள். கீழே ஒரு ஸ்பொஞ்ச் மெத்தை பற்றியது. அவன் உயிரோடு வரவில்லை. பயிற்சியை நடத்தியவரை நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. உயிருள்ள ஆளை அப்படி வைக்கக் கூடாது என்ற விதி அந்த நாட்டில் அதற்கு முதலே எழுத்தில் இருந்தது.

என் முதல் பாடத்தில் நெருப்பே இல்லை. முகமூடிக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடி, குழாயைத் தொட்டுத் தொட்டு இருட்டில் தவழ்ந்தேன். 300 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய 6 லீற்றர் சிலிண்டரில் 1800 லீற்றர் காற்று இருக்கும். வேலை செய்யும் ஆள் நிமிடத்துக்கு 50 லீற்றருக்கு மேல் இழுப்பான். உள்ளே போகச் செலவான காற்றைப்போல் இரண்டு மடங்கு திரும்பி வர வைத்திருக்க வேண்டும். காற்று முடியப்போகிறது என்று கருவி விசில் ஊதும்வரை காத்திருப்பவன் பிந்திவிட்டான். கணக்கு வந்ததும் திரும்பு என்று பயிற்சியாளர் கத்துவார். பாதி வழியில், மீட்க வேண்டிய ஆளென்று வைத்த பொம்மையைக் கிட்டக் கண்ட பிறகும், திரும்ப வேண்டும். கை நீட்டினால் எட்டும் பொம்மையை விட்டுவிட்டுத் திரும்பப் பழக எனக்கு ஒரு வருடம் எடுத்தது. குழாய் பிடிப்பதைப் போல அதையும் உடம்பு பழக வேண்டும் மருமகன். பழகாத உடம்பு, சனம் கத்தினால் உள்ளேதான் போகும். அது உன் பிழை இல்லை.

இன்னொன்று. தீயணைப்பு வேலையே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022இல் உறுதியாக வகைப்படுத்தியது. அன்றிரவு புகை மணக்கும் உடுப்போடு உன் மகளைத் தூக்கி மடியில் வைத்திருந்தாய். இனிக் கிணற்றடியில் முழுகி, உடுப்பு மாற்றிய பிறகு தூக்கு. அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம் என்று அவள் தாயிடமும் சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு என்றாய். பெரியம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது, திறப்பு என்னிடம் இருக்கிறது. கூட்டாளிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு காலமை வெயில் ஏற முன் வா. கறுப்புத் துணியும் நீட்டுக் கயிறும் எடுத்து வைத்திருக்கிறேன். பின் அறையில் தலையணையைப் பிள்ளைபோலச் சுற்றி வைக்கிறேன். அதைத் தேடிப் போங்கோ. நான் வாசலில் நின்று மணிக்கூடு பார்த்துத் திரும்பச் சொல்வேன்.

அன்புடன்,
மாமா
கொக்குவில்