மெஷின் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சுயதொழில் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலுக்கு நல்ல மெஷின் ஒன்று போதும் என்று எழுதியிருந்தது. 14 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். நானும் அப்படி நம்பித்தான் கையிலிருந்ததை எல்லாம் மெஷினில் போட்டேன்.

மூன்றாவது வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். வெளிர் நிறக் கம்பளி விரிப்பு. சுடுதண்ணீரும் காரத்தன்மை (அல்கலைன்) கூடிய சோப்புக் கரைசலும் தாராளமாக அடித்தேன். போகும்போது பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை போன்: தேநீர் கொட்டினாற்போல் ஆங்காங்கே பழுப்பு. அடியில் சணல் இருந்திருக்கிறது. அது ஊறி மெதுவாகக் காயும்போது, அதிலுள்ள பழுப்பு ஈரத்தோடு மேலேறி நூல் நுனியில் தங்கிவிடும். காரம் கூடினால் இன்னும் மோசம். கம்பளிக்குக் கரைசலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8.5-ஐத் தாண்டக் கூடாது. நான் அடித்தது 10-க்கு மேல். காரத்தை முறிக்கச் சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்றால் அலசிப் பார்த்திருக்கலாம். அதுவும் அப்போது தெரியாது.

நஷ்டஈடு கொடுத்த பிறகுதான் பயிற்சிக்குப் போனேன். இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் தரும், 1972-இல் தொடங்கிய ஐஐசிஆர்சி என்ற அமைப்பின் பாடம். முதல் நாள் மெஷினைத் தொடவே விடவில்லை! விரிப்பின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்தச் சொன்னார்கள். முடி கருகும் நாற்றம் அடித்துத் தானே அணைந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் நைலான், பாலியெஸ்டர் வகை. காகிதம்போல் எரிந்தால் பருத்தியோ விஸ்கோஸோ. விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் பட்டுப்போன்ற நூல்) என்றால் இன்றைக்கும் யோசித்துத்தான் ஒப்புக்கொள்வேன். நனைந்தால் அந்த நூலின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்துச் சொல்லித்தந்தது, ஈர வெள்ளைத் துணியை விரிப்பில் ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது.

மெஷின் விற்பவர்கள் பிரஷரையும் சூட்டையும்தான் பெருமையாகச் சொல்வார்கள். உறிஞ்சும் சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். தண்ணீரை உள்ளே விட யாராலும் முடியும், வெளியே எடுப்பதுதான் வேலை. இரண்டு நாள் ஈரம் நின்றால் நாற்றமும் பூஞ்சையும் வரும். மிச்சம் நிற்கும் சோப்பு பிசுபிசுத்து, புது அழுக்கைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பெரிய மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் நடுத்தர மெஷின் ஒன்று, நல்ல வாக்குவம் கிளீனர் ஒன்று, காயவைக்கும் ப்ளோயர் இரண்டு என்று பிரித்து வாங்கலாம். வாக்குவம் போடாமல் நேரே தண்ணீர் அடித்தால் உள்ளிருக்கும் மண் சேறாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இதைத்தான் விடுகிறார்கள்.

அடுத்த முறை இத்தொழிலைப் பற்றி எழுதும்போது பயிற்சிக்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார்ப்பெட் சுத்தம் செய்யும் வாசகர்