உதடு ஒட்டிய குறள்

எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது படிப்பகத்தில், ஞாயிறு சாயங்காலம் கூடும் என் சனங்களுக்கு,

பெயர் போட்டு எழுதினால் எங்கள் வாத்தியார் மாஷ் திட்டுவார், சேச்சி வெட்கப்படுவார், டீக்கடை அக்கா "போட்டோவும் போட்டிருக்கலாமே அம்மிணி" என்பார். அதனால் பெயர் இல்லை. யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மிச்சப் பேரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

தை மாதம், கிழக்குக் காற்று கணவாய்க்குள் புகுந்து கூரைத் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பல் விளக்கி வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாயில் தானாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகம் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடவே இல்லை. பஸ் ஜன்னல் காற்று என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் இன்னொருவர். எண்ணெய் தேய்ப்பதிலேயே இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் காலை டீக்கடை அக்கா பாய்லரை அணைத்துவிட்டு என்னைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றினார். டாக்டர் முதலில் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இடப்பக்கம் ஒரு கோடுகூட விழவில்லை. அதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு நிம்மதி! மூளையில் வரும் பக்கவாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடுமாம். எனக்கு வந்தது முகவாதம். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் குறுகலான வழியில் வருகிற ஏழாவது நரம்பு வீங்கி நசுங்கிக் கிடக்கிறது என்றார். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம், நீங்கள் கடைசி நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார். அக்கா, அன்றைக்கு நீங்கள் கடையை அடைக்காமல் இருந்திருந்தால் இந்த மடலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்களுக்குப் போன அந்த ஒரு நாள் வியாபாரத்தை நீங்கள் இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

மாத்திரை சாப்பிட்டதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாரக்கணக்கில் ஆயிற்று. ராத்திரி கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமையை இழுத்து மூடி, டேப் ஒட்டித் தூங்குவேன். சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், விரல் விட்டு எடுக்க வேண்டும். தையல்காரிக்கு இன்னொரு கஷ்டம். நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தித்தான் இருபது வருடமாக ஊசி கோத்திருக்கிறேன். இப்போது உதடு நூலைப் பிடிக்கவில்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டேன், கடைக் கண்ணாடி மேல் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினேன்.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். "முகம் என்ன முகம், மனசுதானே அழகு" என்றார்கள். மன்னிக்க வேண்டும், அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. முகம் நேராக இருக்கிறவர்கள் சொல்வதற்குச் சுலபமான வசனம் அது. மாஷே ஒரு நாள் "முகநக நட்பது நட்பன்று" என்று ஆரம்பித்தார். "எனக்கு முகமே நகமாட்டேன் என்கிறது, போதும் மாஷ்" என்று வெடித்துவிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு கிளம்பிப் போனார். அன்றைக்குச் சொன்னதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் மறுநாளே அவர் குறள் புத்தகத்தோடு திரும்பி வந்தார். 35ஆம் அதிகாரம், துறவு. "முதல் குறளைப் படி, உதடு ஒட்டாது" என்றார்.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

படித்தேன். ப இல்லை, ம இல்லை, வ இல்லை. 'நோ' வருகிற இடத்தில் மட்டும் உதடு குவிய மறுத்துக் கோணியது. மற்றபடி ஒரு முழுக் குறள், பிசிறில்லாமல், என் வாயிலிருந்து வந்தது. எதை விட்டு நீங்குகிறோமோ அதனால் துன்பமில்லை என்று பொருள் சொன்னார். "நான் எங்கே நீங்கினேன், முகமல்லவா என்னை விட்டு நீங்கியது" என்றேன். சிரித்தார். நானும் பாதி முகத்தால் சிரித்தேன். அப்புறம்தான் வேலையைச் சொன்னார். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளுக்கு நீ போய்ச் சேர வேண்டும் என்று.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

ஆறு இடத்தில் பற்று. ஒவ்வொரு பற்றுக்கும் உதடு ஒட்டியாக வேண்டும். "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்" என்று தொல்காப்பியத்தில் எழுதியிருப்பதை அந்த வாரம்தான் நான் உடம்பால் புரிந்துகொண்டேன். எனக்கு இதழ் இயையவில்லை, அதனால் பகாரமும் பிறக்கவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. துறவைச் சொல்ல வந்த குறளைப் பிடித்துக்கொண்டு நான் என் உதட்டின் மேல் பற்று வளர்த்தது வள்ளுவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ.

சேச்சி, உங்கள் வைத்தியம் வேறு மாதிரி. என்னை ஸ்கூட்டரில், மலையாளக் கவி எழுத்தச்சன் இருந்த சித்தூர் குருமடத்துக்குக் கூட்டிப்போய் ஆற்றங்கரையில் உட்கார வைத்தீர்கள். ஆழியாற்றுத் தண்ணீரும் சேர்ந்து ஓடும் அந்தப் புழைக்கு அங்கே சோகநாசினி என்று பெயர். பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எழுத்தச்சன் தன் ராமாயணத்தை ஒரு கிளியைப் பாட வைத்துச் சொன்ன கதையைச் சொல்லி, "நீ பேசண்டா, கிளி பாடட்டே" என்று நீங்களே ராகம் போட்டு வாசித்தீர்கள். மலையாளம் எனக்குப் பாதிதான் புரிந்தது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பது முழுசாகப் புரிந்தது.

மார்ச்சில் கண் மூடியது. ஏப்ரலில் ஒரு 'ப' வந்தது. கோவணத்தோடு நின்ற பக்கத்து வீட்டுப் பையன்தான் முதல் சாட்சி, "அத்தை காத்து விடாமப் பேசுது" என்றான். கண்ணாடி மேலிருந்த சேலையை எப்போது எடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. யாரோ ரவிக்கை போட்டுப் பார்க்கக் கேட்டிருப்பார்கள்.

ஜூன் 19, கேரளத்தில் நூலகங்களை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக வாசிப்பு நாள். மாஸ்க் இல்லாமல் மேடையேறி அந்த இரண்டு குறளையும் சொன்னேன். ஐந்து பற்று ஒழுங்காக ஒட்டியது. ஆறாவதில் காற்றுப் போய்விட்டது. முன்வரிசையில் நீங்கள் மூவரும் உங்களையறியாமல் உதட்டைச் சேர்த்து எனக்காக அந்த ஆறாவது பற்றைச் சொன்னதை நான் பார்த்தேன். மாஷ், நீங்கள் பாதியில் நிறுத்திய குறளின் இரண்டாம் அடி அப்போதுதான் எனக்கு வந்தது. அகநக.

இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சாப்பிடும்போது இடது கண் தானாகச் சிமிட்டும். டீக்கடையில் புதியவர்கள் யாராவது தவறாக எடுத்துக்கொண்டால் அக்கா பார்த்துக்கொள்வார்.

தை மாதத்திலிருந்து தைக்காமல் கிடந்த உருப்படிகளை எல்லாம் முடித்துவிட்டேன். சேச்சியின் இரண்டு ரவிக்கையும் அக்காவின் பாவாடையும் தயார். மாஷுக்குப் புத்தகம் வைக்க ஒரு தோள்பை, மீந்த துணியில் தைத்தது, காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தையல்காரி