பகிடி என்று விட்டுவிடாதே, மகள்

களுவாஞ்சிகுடி
சித்திரை 28

அன்பு மகள்,

மருமகன் பிள்ளைகள் முன்னால் பெண்களைத் தாழ்த்திப் பேசுவதை எப்படி நிற்பாட்டுவது என்று நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. சின்னவன் விழுந்து அழுதபோது மருமகன் "பொம்பிளைப் புள்ள மாதிரி அழாத" என்றதும், வந்தவர்கள் முன்னால் "பெண் புத்தி பின் புத்தி" என்று உன் கதையை மறித்ததும், இரண்டு நாளில் பெரியவன் அதையே உனக்குச் சொன்னதும் ஒரே கொடியில் காய்த்தவை. மருமகன் கெட்டவர் இல்லை. குடியில்லை, அடியில்லை, உழைப்பது வீட்டுக்கு வருகிறது. அதனாலேயே இதைச் சின்ன விசயம் என்று எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போது அது சின்ன விசயம் இல்லை. அதிலும் இந்தப் பழமொழிகள் எதுகையோடு வருகின்றன. "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்று ஒருமுறை கேட்டால் போதும், பிள்ளைக்குப் பாடமாகிவிடும்.

சொன்ன அன்றைக்கே அவரோடு கதை. ஆனால் அவர் வேலையால் வந்து முகம் கழுவ முதல் வேண்டாம், பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது வாகனத்துக்குள்ளும் வேண்டாம். அவர்கள் படுத்த பிறகு பத்து நிமிசம் போதும். ஒரு வசனத்தை மட்டும் எடு. அவர் சொன்னதை அப்படியே சொல்லு, யார் கேட்டது, பிறகு என்ன நடந்தது, இனி என்ன வேண்டும். "நீங்க ஆக்களுக்கு முன்னால பெண் புத்தி பின் புத்தி எண்டு சொன்னீங்க. பெரியவன் கேட்டுக்கொண்டு இருந்தவன். முந்தநாள் எனக்கே சொல்றான். இனி அப்படிச் சொல்லாதீங்க." இவ்வளவுதான். "நீங்க எப்பவும் இப்பிடித்தான்" என்று தொடங்கினால் அவர் தான் நல்லபடி நடந்த ஒரு நாளைத் தேடி எடுத்து வைப்பார், பிறகு அந்த நாளைப் பற்றித்தான் சண்டை நடக்கும்.

"பகிடிக்குச் சொன்னன்" என்பார். "சரி, இதில எது சிரிப்பு எண்டு எனக்கு விளங்கப்படுத்துங்க" என்று கேள். குத்தலாகக் கேட்காதே, பதிலுக்குப் பொறுத்திரு. விளங்கப்படுத்தப் போகும்போதுதான் பகிடிக்கு அடியில் இருக்கிற எண்ணம் அவருக்கே தெரியும்.

காரியத்தைக் கெடுப்பவையும் உண்டு. "உங்கட அம்மா வளத்த வளப்பு" என்று மாமியை இழுத்தால் அவர் தாய்க்காகப் பேசத் தொடங்குவார், உன் விசயம் அங்கேயே செத்துவிடும். மூன்று நாள் வாய் திறவாமல் இருந்தால் கோபம் தெரியும், காரணம் தெரியாது. பிள்ளைகளைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, சபையில் சங்கடம் வரக்கூடாது என்று நாங்கள் சிரித்துவிடுவது. தாய் சிரித்தால் அது தாய்க்கும் சம்மதம் என்று பெடியன் எடுத்துக்கொள்கிறான். சிரிக்காமல் இரு, அதுவே பாதிப் பேச்சு.

பிள்ளைகள் முன்னால் நடந்ததை அந்த இடத்தில் ஒரு வசனத்தால் திருத்து. "முழங்கால் உரிஞ்சு போச்சு, நோகுது, அழட்டும்." குரலை உயர்த்தாதே. தகப்பனைச் சிறுமைப்படுத்தும் சொல் ஒன்றும் சேர்க்காதே, மிச்சத்தை இரவுக்கு வை. மருமகன் ஒத்துக்கொண்டால், அடுத்த நாள் அவரே பிள்ளையிடம் "அப்பா அண்டைக்குச் சொன்னது பிழை" என்று சொல்லட்டும். நீ பத்துத்தரம் சொல்வதை விட அந்த ஒருதரம் பிள்ளைக்குள் இறங்கும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தானே வீடு, மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறார், இங்கே ஏது பெண்ணடிமை என்று அவர் கேட்கக்கூடும். கேட்டால் நேராகச் சொல்லு. மட்டக்களப்பில் குடி என்கிற குலம் தாய்வழியால் வருகிறது, வீடும் பெண்பிள்ளைக்கே எழுதப்படுகிறது. ஆனால் அந்தக் குடிக்காகக் கோயிலில் வண்ணக்கராக, அதாவது கோயில் நிருவாகம் பார்ப்பவராக நிற்பது ஆண். உரித்துத் தாய்வழி, பேச்சு ஆண்வழி. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் இருப்பதும் சபையில் சொல் எடுபடுவதும் ஒன்றில்லை. வைகாசியில் கண்ணகை அம்மனுக்கு அவள் கோபம் தணியக் குளிர்த்தி பாடி "தாயே" என்று கும்பிடுகிறோம். நீதி கேட்டு அரச சபையில் தனியே நின்று பேசிய பெண் அவள். இதைப் பெரியவனுக்கு நீயே சொல்லிக் கொடு. "பொம்பிளைக்கு என்ன அரசியல்" என்ற கதை வந்தால், 1931 இல் இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தேர்தலில்தான் வாக்கு வந்தது, 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமர் வந்ததும் இங்கேதான் என்று சொல்லு.

இனி வீட்டு வேலை. "அம்மாக்கு உதவி செய்" என்று பெடியங்களுக்குச் சொல்வதை நிற்பாட்டு. உதவி என்றால் வேலை உன்னுடையது என்று ஆகிறது. ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருவனிடம் ஒப்படை. பள்ளிக்கூட உடுப்புப் பெரியவனுடையது என்று வை. வெள்ளிக்கிழமை வந்ததும் வெள்ளைச் சேட்டை நிற உடுப்போடு போடாமல் புறம்பாக ஊறவைக்க வேண்டும், கழுத்துப்பட்டியில் சவர்க்காரம் தேய்க்க வேண்டும், காயப்போட்டு எடுக்க வேண்டும், ஞாயிறு மடித்து வைக்க வேண்டும். மறந்தால் திங்கள் கசங்கிய சேட்டோடு போகட்டும். நீ இரவில் எழும்பித் தோய்த்து வைத்தால் அவன் படிப்பது ஒன்றுதான்: கடைசியில் அம்மா செய்வா. அவன் கோணலாக மடித்ததைத் திருப்பி மடிக்காதே. மருமகனுக்கும் இதுவேதான், "என்ன செய்யட்டும்" என்று ஒவ்வொரு நாளும் கேட்டால் யோசிக்கிற பாரம் உன் தலையில்தான்.

சோறும் பெரியவனுக்குப் பழக்கு. உங்கள் நாலு பேருக்கு இரண்டு சுண்டு அரிசி தாராளம். மூன்று தண்ணி கழுவி, அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு அளவு தண்ணி விட்டு, ரைஸ் குக்கரைப் போடச் சொல்லு. சுவிட்ச் மேலே வந்த பிறகு பத்து நிமிசம் திறக்கக் கூடாது. மூடியை இப்போதைக்குப் பெரியவர்கள் திறவுங்கள், ஆவி கையைச் சுட்டுவிடும். சின்னவன் ஆறு வயதுக்குத் தன் கோப்பையைக் கழுவி வைக்கட்டும். சாப்பிட்ட கோப்பையை மருமகன் மேசையில் விட்டுவிட்டு எழும்பினால் இந்தப் பழக்கம் ஒரு கிழமையும் தாங்காது.

விளையாட்டுச் சண்டையில் ஒருவன் "விடு" என்றால் மற்றவன் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். சிரித்துக்கொண்டு சொன்னாலும் எடுக்க வேண்டும். அதேபோல மாமி, சித்தி யாருக்கும் கட்டாயப்படுத்தி முத்தம் கொடுக்க வைக்காதே, எனக்கும் வேண்டாம். தன் உடம்பைப் பற்றித் தன் சொல் எடுபடுவதைக் கண்ட பிள்ளைக்குத்தான் நாளைக்கு இன்னொரு பிள்ளையின் "வேணாம்" விளங்கும்.

மாதவிடாயைப் பற்றிப் பெரியவனுக்கு இந்த வருசமே சொல்லு. வகுப்புப் பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் வயது வந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை சில நாள் இரத்தம் வரும், அது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை என்று இரண்டு வசனம் போதும். கடையில் பாட் வாங்கினால் பேப்பரில் சுற்றாமல் மற்றச் சாமானோடு ஒரே பையில் போடு, அவனே தூக்கி வரட்டும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். இது வாய்ப் பேச்சோடு நிற்கும் வரைக்கும் மேலே சொன்னவை. காசைப் பறிப்பது, தொலைபேசியைச் சோதிப்பது, கை ஓங்குவது என்று திரும்பினால் அது வேறு. அப்போது கதைத்துத் திருத்தப் பார்க்காதே. பெண்களுக்கான 1938 உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மனதைச் சிதைக்கும் கொடுமையும் அந்தச் சட்டத்துக்குள் வரும். எந்த இரவிலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும்.

வைகாசிச் சடங்குக்கு எல்லோரும் வாருங்கள். இங்கே நிற்கும் நாட்களில் நானும் அப்பாவும் "ஆம்பிளப் புள்ளைக்கு ஏன் குசினி வேலை" என்று சொல்ல மாட்டோம், வேறு யாரும் சொன்னால் நானே மறித்துக்கொள்வேன். சின்னவனின் உயரம் எவ்வளவு என்று அளந்து அனுப்பு. அவன் கைக்கு எட்டும்படி வீடு கூட்டும் தும்புத்தடியை வெட்டி வைக்கிறேன்.

அன்புடன்
அம்மா